ஹோலில் பறக்கிற வைஃபை பின் அறையில் ஏன் படுத்துவிடுகிறது?

அண்ணா, சிக்னலைப் பிடித்துத் திரும்ப அனுப்புகிற அந்த ரிப்பீட்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். எட்டு அன்டெனா வைத்த அந்தப் பெரிய ரவுட்டரும் வேண்டாம். நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி, மூன்று அறை ஃபிளாட், ஃபைபர் பெட்டி (வைஃபை ரவுட்டரும் அதுதான்) முன் ஹோலில் டிவிக்குப் பின்னால், 100 எம்பிபிஎஸ் பக்கேஜ், ஹோலில் எல்லாம் பறக்கிறது, கடைசி அறையில் மகன் ஸூம் வகுப்புக்கு உட்கார்ந்தால் ஃபோனில் மூன்று கோடு நிற்கிறது, ஆனால் குரல் அறுந்து அறுந்து வருகிறது, அதுவும் இரவு ஏழு மணிக்குப் பிறகுதான் மோசம், காலையில் பரவாயில்லை. அந்தக் கடைசித் துண்டில்தான் என் கண் நின்றது. சுவர் காலையிலும் அதே சுவர்தானே. இரவில் மட்டும் கூடுகிற கோளாறுக்குச் சுவர் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

உங்கள் வீட்டில் இரண்டு வியாதி சேர்ந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று, சிக்னல் சுவர்களில் செத்துப் பின் அறைக்கு மெலிந்து வருவது. மற்றது, வந்து சேர்ந்த இடத்தில் காற்றே சந்தை மாதிரி இரைச்சலாக இருப்பது. இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதுக்கான மருந்தை இரண்டாவதுக்குக் கொடுத்தால் நோய் கூடும். ரிப்பீட்டர் வாங்கிப் பணத்தை விடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நடப்பது அதுதான். கொழும்பில் வீடுகளுக்கும் சின்னக் கந்தோர்களுக்கும் நெட்வேர்க் இழுத்துக் கொடுக்கிற வேலையில் 15 வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கோடுகளை மறந்துவிடுங்கள். எந்த அளவுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு ஃபோன் கம்பனியும் தன் பாட்டுக்கு வைத்துக்கொள்கிறது. உங்களுக்கு வேண்டியது எண். அது டிபிஎம் என்ற அலகில் கழித்தல் குறியோடு வரும், பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. ரவுட்டருக்குப் பக்கத்தில் -30, -35 காட்டும். -50 அருமை. -67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாக ஓடும். -70ஐத் தாண்டினால் வேகம் விழத் தொடங்கும், -80இல் வாட்ஸப் செய்தி போகும் ஆனால் ஸூம் தடுமாறும், -90 என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணில் 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. அதாவது ஹோலில் -50, பின் அறையில் -80 என்றால் அங்கே போய்ச் சேருவது ஹோலில் கிடைப்பதன் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெலிந்ததையும் பிடித்து வேலை வாங்குகிற அளவுக்கு இந்தக் கருவிகள் கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பது வேறு கதை.

அன்ட்ரொயிட் ஃபோன் என்றால் வைஃபை அனலைசர் என்று தேடினால் இந்த எண்ணைக் காட்டும் இலவச ஆப்கள் நிறைய வரும். ஐஃபோன் என்றால் அப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பைப் போட்டு, செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குள் போய் வைஃபை ஸ்கேனரைத் திறந்துவிட வேண்டும். ஒரு தாளில் ஃபிளாட்டின் படத்தைக் கீறிக்கொண்டு ஒவ்வொரு இடமாக நின்று எண்ணை எழுதுங்கள். ஃபோனை ஒரே மாதிரிப் பிடியுங்கள், ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடியாவது நில்லுங்கள், எண் ஓடிக்கொண்டே இருக்கும், நடுவானதை எடுங்கள். ரவுட்டர் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும், இரண்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இந்த ஒரு தாளுக்காகத்தான் நான் வீடுகளுக்குப் போனவுடன் பெட்டியைத் திறக்காமல் முதல் அரை மணி நேரம் நடந்துகொண்டே இருப்பேன்.

சரி, இனிக் காரணங்களுக்கு வருவோம். எல்லோரும் தூரம் தூரம் என்கிறார்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல், அதாவது அந்த டிபிஎம் எண்ணில் 6, குறையும், அவ்வளவுதான். ஒரு மீற்றரில் இருந்து எட்டு மீற்றருக்குப் போக 18 டெசிபெல். உங்கள் ஃபிளாட் முன் சுவரில் இருந்து பின் சுவர் வரை எவ்வளவு இருக்கும், பன்னிரண்டு மீற்றர்? அந்தத் தூரத்தை மட்டும் கடப்பது வைஃபைக்கு ஒரு பொருட்டே இல்லை. காலிமுகத்திடலில் ரவுட்டரை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டுப் பன்னிரண்டு மீற்றர் தள்ளி நின்றால் சும்மா ஜம்மென்று வேலை செய்யும். உங்களைக் கெடுப்பது நடுவில் நிற்கிறவைதான்.

அதற்கு முன் 2.4, 5 கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்றிமீற்றர், 5 கிகாஹேர்ட்ஸினது 6க்குக் கிட்ட. ஒரே தூரத்தில் 5ஆனது 6, 7 டெசிபெல் குறைவாகவே வந்து சேரும், அது முதல் நட்டம். சுவருக்குள் புகும்போது இன்னும் கூடுதலாக நட்டப்படும், அது இரண்டாவது. தோராயமான கணக்குச் சொல்கிறேன், கட்டடத்துக்குக் கட்டடம் மாறும்: மரக் கதவு 2.4இல் 3, 4 டெசிபெல் தின்னும். பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் 5, 6. அதே சுவர் 5 கிகாஹேர்ட்ஸில் 8, 10. சீமெந்துக் கல் சுவர் இன்னும் கொஞ்சம் கூட. கம்பி கட்டி வார்த்த கொங்கிரீட் என்று வந்தால் 2.4க்கே 20, 5க்கு 30, அதற்கும் மேலே போகலாம்.

இதை வைத்து உங்கள் வீட்டைப் போட்டுப் பார்ப்போம். ரவுட்டர் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் அனுப்புகிறது என்று வைப்போம். 2.4இல் ஒரு மீற்றரில் -20, எட்டு மீற்றரில் -38. நடுவில் இரண்டு செங்கல் சுவர், ஆளுக்கு 6, ஆக -50. ஒரு கொங்கிரீட் சுவரும் குறுக்கே நின்றால் -70. இப்போது 5இல் பாருங்கள்: ஒரு மீற்றரில் -27, எட்டு மீற்றரில் -45, இரண்டு சுவருக்கு 20 போனால் -65, கொங்கிரீட்டுக்கு 30 போனால் -95. ஃபோன் கையில் இருக்கும்போது இன்னும் சில டெசிபெல் போகும். விளங்குகிறதா என்ன நடக்கிறது என்று? ஹோலில் மகனின் ஃபோன் 5இல் நிற்கிறது, எல்லாம் பறக்கிறது. பின் அறைக்குப் போனதும் 5 செத்துவிடுகிறது, ஃபோன் தானாகவே 2.4க்கு இறங்குகிறது. அங்கே சிக்னல் -70 அளவில் வருகிறது, மூன்று கோடும் காட்டுகிறது. ஆனால் அந்த 2.4 வீதியில்தான் வெள்ளவத்தை முழுவதும் நிற்கிறது. நெரிசலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் சுவர்களை முடித்துவிடுவோம், ஏனென்றால் கொழும்பில் சுவர் என்பது ஒரு தனிப் பாடம்.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கம் பழைய வீடுகளில் கபுக் என்கிற செம்பூரான் கல்லால் கட்டிய பருத்த சுவர்களைப் பார்த்திருப்பீர்கள், ஒரு முழத்துக்குக் குறையாது. கம்பி கிடையாது, ஆனால் அந்தப் பருமனும், மழைக்காலத்தில் அது உறிஞ்சி வைத்திருக்கிற ஈரமும் சேர்ந்து அலையைத் தின்றுவிடும். ஈரச் சுவரும் காய்ந்த சுவரும் ஒன்றல்ல, தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி, பெரிய மீன்தொட்டி, ஆட்கள் நிறைந்த அறை எல்லாம் இதே கணக்குத்தான். (2.4 என்பது தண்ணீருக்கென்றே உள்ள விசேஷ அதிர்வெண் என்று ஒரு கதை சுற்றுகிறது, அது பிழை. தண்ணீர் இந்த வரிசையில் எல்லாவற்றையும் உறிஞ்சும், இன்னும் மேலே போகப் போகக் கூடுதலாகவே உறிஞ்சும்.) புதிய தொடர்மாடிகளில் பிரச்சினை வேறு மாதிரி. அறைப் பிரிப்புச் சுவர்கள் பெரும்பாலும் சீமெந்துக் கல்தான், அது சமாளிக்கலாம். ஆனால் தூண்கள், லிஃப்ட் குழி, படிக்கட்டைச் சுற்றிய சுவர்கள் கம்பி கட்டிய கொங்கிரீட். லிஃப்ட் குழிக்கு இந்தப் பக்கம் ரவுட்டர், அந்தப் பக்கம் படுக்கையறை என்றால் அந்த அறையை அந்த ரவுட்டரால் காப்பாற்ற முடியாது. மேல் தளமும் அப்படித்தான், அந்தக் கொங்கிரீட் பிளேட்டுக்குள் கம்பி வலையே கிடக்கிறது. அதனால்தான் இரண்டு மாடி வீட்டில் கீழ் ஹோலில் ரவுட்டர் வைத்தால் நேர் மேலே உள்ள அறையை விட, படிக்கட்டு வாய்க்குப் பக்கத்து அறையில் நன்றாக வரும். அலை பிளேட்டைத் துளைத்துப் போகிறதை விடப் படிக்கட்டு வழியாக ஏறிப் போவது அதற்குச் சுலபம்.

குளியலறையை மறந்துவிடாதீர்கள். டைல்ஸ், அதற்குப் பின்னால் குழாய், சுவர் நிறையக் கண்ணாடி, கீஸர் என்றால் அதன் இரும்புத் தொட்டி. உங்கள் வரைபடத்தில் ஹோலுக்கும் கடைசி அறைக்கும் நடுவில் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளவத்தை ஃபிளாட்களில் அநேகமாக இருக்கும். கண்ணாடி என்றதும் சாதாரண யன்னல் கண்ணாடியை நினைக்காதீர்கள், அது ஒன்றும் செய்யாது. முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் உலோகப் பூச்சு இருக்கிறது, வெயிலுக்காக ஒட்டுகிற சில கறுப்பு ஃபிலிம்களிலும் இருக்கிறது. உலோகத்தைக் கண்டால் அலை திரும்பிவிடும், உள்ளே போகாது. இரும்பு அலுமாரி, ஃபிரிட்ஜ், ரோலர் ஷட்டர், கூரைக்குக் கீழ் வெப்பம் தடுக்க விரிக்கிற வெள்ளித் தாள், எல்லாம் இதே சாதி.

இன்னொன்று யாரும் கணக்கில் எடுக்காதது, சாய்வு. ஒன்பது அங்குலச் சுவரை அலை நேராகக் குத்தினால் ஒன்பது அங்குலம்தான். நன்றாகச் சாய்ந்து நுழைந்தால் அதே சுவருக்குள் அதைவிடக் கூடுதலான தூரம் பயணம் செய்ய வேண்டும். ரவுட்டரைச் சுவரோடு ஒட்டி மூலையில் வைத்தால் அந்தச் சுவர் வழியாகப் போகிற பாதைகளில் பெரும்பாலானவை இப்படிச் சரிந்துதான் போகும். இரண்டு சுவர் தள்ளியுள்ள அறைக்கு ஏன் நான்கு சுவர் தாண்டிய மாதிரி எண் வருகிறது என்று நான் ஆரம்ப காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு.

என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் பழைய வீடு, முன் விறாந்தை, ஹோல், நடு அறை, குசினி, பின் முற்றம், எல்லாம் ஒரே வரிசையில். குசினியில் நின்று லண்டனில் இருக்கிற மகளோடு வீடியோவில் கதைக்க முடியவில்லை, சமைத்துக்கொண்டே கதைக்க வேண்டும் என்பதுதான் பெரியம்மாவுக்கு இருந்த ஒரே தேவை. போய்ப் பார்த்தேன். ரவுட்டர் ஹோல் மூலையில் ஷோகேஸுக்குள் இருந்தது. ஷோகேஸின் முதுகு முழுக்கக் கண்ணாடி. முன்னால் டிவி. பெட்டி படுத்திருந்தது, அதன் மேல் பின்னல் விரிப்பு ஒன்று, விரிப்பின் மேல் மூன்று வெள்ளிக் கிண்ணம். குசினியில் -84. நான் ஒரு புதிய சாமானும் வாங்கவில்லை. பெட்டியை வெளியே எடுத்து, அந்த வீட்டு வாசல்கள் எல்லாம் ஒரே நேரில் இருப்பதைப் பார்த்து, முன் வாசலில் நின்றால் பின் முற்றத்துத் துளசிமாடம் தெரியும் அல்லவா, அந்த நேருக்கு வருகிற மாதிரி ஹோலின் மறு சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சின்னத் தட்டு அடித்து வைத்தேன். ஃபைபர் வயர் அங்கே வரை எட்டவில்லை, அதனால் ஃபைபர் பெட்டியைத் தொடாமல் அதன் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய ரவுட்டரை லேன் வயரால் இணைத்து அந்தத் தட்டில் வைத்தேன். குசினியில் -66. சுவர்கள் அதே பருமனில் அப்படியே நிற்கின்றன, அலை இப்போது வாசல்கள் வழியாகப் போகிறது. பெரியம்மா அன்று இரவே ரசம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கதைத்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல்கள் எந்த நேரில் இருக்கின்றன என்றுதான் பார்க்கிறேன்.

அன்டெனாவைப் பற்றியும் ஒன்று. நிமிர்த்தி வைத்த குச்சி அன்டெனா தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் அலையை விரிக்கும், உளுந்து வடை மாதிரி, நடு ஓட்டைக்குள் குச்சி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நுனி காட்டுகிற திசையில், அதாவது நேர் மேலேயும் நேர் கீழேயும், மிகக் குறைவு. ஒரே மாடி ஃபிளாட்டுக்கு எல்லாக் குச்சியையும் நிமிர்த்தி விடுங்கள். மேல் மாடியும் வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்க வையுங்கள். குச்சியைப் பின் அறையை நோக்கி விரல் நீட்டுகிற மாதிரி நீட்டி வைக்கிறார்களே, அது அந்த அறைக்குக் கிடைப்பதைக் குறைக்கும். ரவுட்டரைத் தரையில் வைப்பதும் வேண்டாம், நாற்காலி, கட்டில், அலுமாரி எல்லாம் இருக்கிற உயரத்துக்கு மேலே இருக்கட்டும்.

எட்டு அன்டெனா ரவுட்டர் ஏன் வேண்டாம் என்றேன்? வைஃபை இரண்டு பக்கப் பேச்சு. ரவுட்டர் சத்தமாகப் பேசினால் ஃபோனுக்குக் கேட்கும், சரி, ஆனால் ஃபோன் பதில் சொல்ல வேண்டுமே. ஃபோனின் சக்தி ரவுட்டரை விடக் குறைவு, உள்ளங்கைக்குள் மறைந்த சின்ன அன்டெனா வேறு. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் கிடைத்தது என்று மறுபக்கம் பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதில் கேட்காவிட்டால் ரவுட்டர் அதே துண்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும். கோடு நிறையக் காட்டும், குரல் அறுந்து போகும். நிறைய அன்டெனா இருந்தால் ஃபோனின் மெல்லிய குரலைக் கேட்க ஓரளவு உதவும் என்பது உண்மைதான், ஆனால் கொங்கிரீட் தின்கிற 30 டெசிபெலை அது ஈடு செய்யாது. அதற்குக் கொடுக்கிற காசில் பாதிக்கு நான் கீழே சொல்கிற வேலையை முடித்துவிடலாம்.

இனி அந்த இரவு ஏழு மணி. 2.4இல் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் 13 சனல்கள், அதாவது பேசுவதற்கான தடங்கள், இருந்தாலும் ஒவ்வொரு வைஃபையும் 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் பிடிப்பதால் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரு தொடர்மாடியில் மாடிக்கு நான்கு ஃபிளாட், பத்து மாடி, பக்கத்துக் கட்டடம், எதிர்க் கட்டடம். போன மாதம் ஹம்டன் லேனில் ஒரு வீட்டுப் பல்கனியில் நின்று பார்த்தபோது இரவு எட்டு மணிக்கு 2.4இல் மட்டும் 43 வைஃபைப் பெயர் வந்தது. இத்தனையும் மூன்று சனலைப் பங்கு போட வேண்டும். வைஃபையின் ஒழுங்கு என்னவென்றால், பேசுவதற்கு முன் காது கொடுக்க வேண்டும், யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறுக்க வேண்டும், பக்கத்து வீட்டு ரவுட்டராக இருந்தாலும் சரி. காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விட வரிசை குட்டையாக இருக்கும், இரவில் எல்லா வீட்டிலும் யூடியூபும் டிவித் தொடரும் ஓட வரிசை நீண்டுவிடும். உங்கள் பக்கேஜ் 100ஆக இருந்தாலும் 300ஆக இருந்தாலும் மகனின் ஃபோன் அந்த வரிசையில் நின்றுதான் வர வேண்டும். அதுவும் பின் அறையில் சிக்னல் மெலிந்திருப்பதால் ஃபோன் மெதுவாகத்தான் பேச முடியும், அதே தகவலை அனுப்பப் பல மடங்கு நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்க வீட்டில் மற்றவர்களும் காத்திருக்க வேண்டும். பின் அறையில் ஒருவர் இருந்தால் ஹோலிலும் வேகம் விழுவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

பக்கத்து வீட்டார் மட்டுமல்ல. மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் 2.45 கிகாஹேர்ட்ஸில். 1947இல் உலக நாடுகள் கூடி இந்த அலைவரிசையைத் தொழிற்சாலை, மருத்துவக் கருவிகளுக்கென்று ஒதுக்கிவைத்தன, 1985இல் அமெரிக்கா உரிமம் இல்லாமல் பேசவும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது, அதில் இருந்து வந்ததுதான் நம் வைஃபை. ஆகவே அடுப்புக்கு அருகே ரவுட்டர் வேண்டாம். புளூடூத்தும் இதே இடத்தில்தான். இன்னொரு கள்ளன், யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க், மலிவான அதன் வயர். அது தகவல் கடத்தும்போது 2.4இல் இரைச்சலைக் கசியவிடும். டிவி ரெக்கோர்டிங்குக்காக ரவுட்டருக்குப் பின்னால் ஒன்று சொருகி வைத்திருந்தால் கழற்றிவிட்டு எண்ணைப் பாருங்கள்.

5இல் நிலைமை எவ்வளவோ மேல். சனல்கள் நிறைய, தவிர நாம் இவ்வளவு நேரம் திட்டிய அதே கொங்கிரீட் அங்கே நம் பக்கம் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் 5 நம் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. ஆகவே ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: 2.4ஐக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம், ஒவ்வொரு அறைக்கும் 5 நல்லபடி வருகிற மாதிரி செய்யுங்கள். ரிப்பீட்டரை ஏன் வேண்டாம் என்றேன் என்பது இதிலேயே இருக்கிறது. சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவால் கேட்டு, அதே சனலில் திரும்பச் சொல்லும், வேகம் பாதியாகும். நெரிந்து கிடக்கிற 2.4இல் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னால் நெரிசல் கூடுமே தவிரக் குறையாது. அதையும் ஆட்கள் கொண்டுபோய் சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே சொருகுவார்கள். அங்கே அதற்கே சரியாகக் கேட்காது, பிறகு அது எதைத் திரும்பச் சொல்வது? பல பெட்டி சேர்ந்து வீடு முழுவதும் ஒரே வைஃபையாகப் பரப்பும், மெஷ் என்று விற்கிற பெட்டிகளும் வயர் இல்லாமல் போட்டால் அடிப்படையில் இதே வேலைதான், ஆனால் பெட்டிகளுக்கிடையே பேசத் தனி ரேடியோ இருக்கிற மொடல் என்றால் நட்டம் குறைவு. அப்படி ஒன்றை வாங்கினாலும் இரண்டாவது பெட்டியை 5இல் -65க்குள் கிடைக்கிற பாதி வழியில் வையுங்கள்.

இவ்வளவும் நான் ஊகித்துச் சொல்வது, நீங்கள் ஒரு சோதனை செய்து உறுதிப்படுத்துங்கள். லேப்டொப்பை ஃபைபர் பெட்டியோடு லேன் வயரால் இணைத்து இரவு எட்டு மணிக்கு வேகம் பாருங்கள். அங்கேயே விழுந்தால் கோளாறு வெளியே, கம்பனிக்கு அறிவிக்க வேண்டியது, வைஃபையைத் திட்டிப் பயனில்லை. அங்கே நன்றாக இருந்தால் லேப்டொப்பைப் பின் அறைக்குக் கொண்டுபோய், வைஃபையில் இருந்து ரவுட்டரின் உள் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், ஒரு நிமிடம் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கிற சோதனை) ஓடவிடுங்கள். 2, 3, 5 மில்லிவிநாடி என்று ஒரே சீராக வந்தால் வீட்டுக்குள் குறை இல்லை. 4, 7, 230, 12, 600, பதில் இல்லை என்று துள்ளினால் நான் சொன்னதுதான். காலையில் ஒரு தரம், இரவில் ஒரு தரம் செய்து பாருங்கள். காலையிலும் துள்ளினால் சுவர் முதல் காரணம், இரவில் மட்டும் துள்ளினால் நெரிசல்.

பிறகு காசு போகாத வேலைகள். டிவிக்குப் பின்னால் இருந்து பெட்டியை வெளியே எடுங்கள், டிவியின் முதுகு முழுக்க உலோகத் தகடு. மகன் இருக்கிற மேசையைப் பாருங்கள், அவன் இடத்துக்கும் கதவுக்கும் நடுவில் இரும்பு அலுமாரி நின்றால் அதைப் பக்கத்துச் சுவருக்கு நகர்த்துங்கள். தெஹிவளையில் ஒரு வீட்டில் இரண்டடி நகர்த்தியதற்கே -78 இருந்த இடம் -69 ஆனது. அறைக்குள் சுவர்களில் பட்டுத் தெறித்து வருகிற அலைகள் ஒன்றையொன்று அழிக்கிற புள்ளிகளும் உண்டு, 2.4இல் ஆறு சென்றிமீற்றர் தள்ளினாலே எண் மாறும், அதனால் லேப்டொப்பை ஒரு சாண் அங்கே இங்கே தள்ளிப் பார்க்கலாம். ரவுட்டர் செட்டிங்ஸில் 2.4இன் சனல் அகலத்தை 40 மெகாஹேர்ட்ஸில் இருந்து 20க்கு இறக்குங்கள், சனலை 1, 6, 11இல் அன்றிரவு அமைதியாக இருப்பதில் வையுங்கள். இரைச்சல் குறைகிற மாதிரி நடுவில் 3, 4 என்று வைக்க வேண்டாம், இரண்டு பக்கத்தாரின் சத்தமும் சேர்ந்து வரும், அவர்களையும் கெடுப்பீர்கள். மைக்ரோவேவைத் தவிர்த்து ரவுட்டரை நடைபாதை வாய்க்கு நேரே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ஃபைபர் வயரை நீங்களே இழுத்து வளைக்க வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி இழை, கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்துவிடும். பெட்டியையே இடம் மாற்றுவதானால் கம்பனி ஆள்தான் வர வேண்டும்.

இதெல்லாம் செய்தும் பின் அறையில் 5இல் -70க்குக் கீழே நின்றால், ஒரே ஒரு நிரந்தர வழி, வயர். கேட் 6 என்ற வகை லேன் வயர் ஒன்றை ஹோலில் இருந்து பின் அறை வரை இழுங்கள். 100 மீற்றர் வரை ஒரு கிகாபிட் போகும், உங்களுக்கு 20 மீற்றர் கூடத் தேவைப்படாது. ஃபிளாட்டில் சுவரை உடைக்க விடமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், டிவி அன்டெனாவுக்கும் தொலைபேசிக்கும் என்று கட்டும்போதே போட்டுவைத்த குழாய்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும், பழைய தொலைபேசி வயரைக் கட்டி இழுத்தால் புதியது கூடவே வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் சுவரடியில் வெள்ளை கேசிங் அடித்துக் கதவுநிலை ஓரமாகக் கொண்டுபோகலாம். வாடகை வீடு, ஆணியே அடிக்க முடியாது என்பவர்களுக்குக் கரண்ட் வயர் வழியாக இணைக்கிற பவர்லைன் பெட்டிகள் இருக்கின்றன. வயரிங் பழையதென்றாலோ, இரண்டு பிளக் பொயின்ட்டும் மும்முனைக் கரண்டின் வெவ்வேறு ஃபேஸில் இருந்தாலோ அவை மிகவும் மெதுவாகும், கடையில் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்குங்கள்.

வயரின் மறுமுனையில் விலை குறைந்த ஒரு இரட்டை அலைவரிசை ரவுட்டரை அக்சஸ் பொயின்ட் நிலையில், அதாவது வைஃபையை மட்டும் பரப்புகிற மாதிரி, போடுங்கள், முகவரி கொடுக்கிற வேலையை (டிஎச்சிபி) அதில் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் மகனின் ஃபோனுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுக்கும். பெயரும் கடவுச்சொல்லும் ஹோலில் உள்ளதே இருக்கட்டும். சனல்கள் வேறாக இருக்கட்டும், 5இல் ஹோலில் 36 என்றால் உள்ளே 149. இரண்டிலும் 2.4இன் சக்தியைக் குறைத்து வையுங்கள், அப்போதுதான் ஃபோன் தூரத்து 2.4ஐக் கட்டிக்கொண்டு தொங்காமல் பக்கத்து 5க்கு மாறும். மகனின் மேசையில் 5இல் எண் -60க்குள் வந்து, இரவு எட்டு மணிக்கும் பிங் 10ஐத் தாண்டாமல் ஓடினால் வேலை முடிந்தது, அதற்கு மேல் ஒரு சதம் செலவழிக்க வேண்டாம். தாளில் எழுதிய எண்களை அனுப்புங்கள், வரைபடத்தோடு அனுப்பினால் வயர் எந்த வழியாகப் போகலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.